மாதிரி இலை

அந்தச் செடி மலையேறி வந்த நாளிலிருந்தே கஸ்பாருக்கு அதன் மேல் நல்ல எண்ணம் கிடையாது. கீழே நர்சரியிலிருந்து ஆறு பெரிய தொட்டிகளாக வேனில் வந்து இறங்கியது. தொட்டியில் செருகியிருந்த அட்டையில் 'டைஃபன்பேக்கியா' என்று போட்டிருந்தது. நாற்பத்தாறு வயதில், மாதா கோயில் வளாகத்தில் நடந்த முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவர் கஸ்பார். அந்த ஒரு சொல்லை வாசித்து முடிக்க ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆயிற்று. வாசித்த களைப்பில், "இந்தப் பேரை வெச்சுக்கிட்டு நான் எங்க போக" என்று அட்டையைப் பிடுங்கிப் போட்டார்.

பேர் எதுவாக இருந்தால் என்ன, ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சுருண்டு வந்து விரிகிற இலை, கிள்ளினால் வருகிற நாற்றம், தண்டில் ஓடுகிற தண்ணீர், எல்லாம் சேம்புச் சாதி. பச்சை இலை முழுக்க வெள்ளை தெளித்திருந்ததால் புள்ளிச்சேம்பு என்று பேர் வைத்தார். ரிசார்ட்டில் எல்லார் வாயிலும் அதே பேர் ஒட்டிக்கொண்டது.

கொடைக்கானல் குளிர் அதற்கு ஆகாது. வரவேற்பறையில் ஹீட்டர் பக்கத்தில் வைத்து, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலை துடைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலப் பார்க்க வேண்டியிருந்தது. சமையலறையில் உதவிக்கு இருந்த பாண்டிச்செல்வி போகவும் வரவும் சீண்டுவாள்.

"ஏண்ணே, நாங்க குளிர்ல வெறைச்சுக் கெடக்கோம். ஒங்க சேம்புக்கு ஹீட்டரா? அடுத்த பிறவியில தொட்டியிலதான் பொறக்கணும்."

"பொறந்துக்க. நாந்தான் தண்ணி ஊத்தணும், ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் ஊத்துவேன்."

பாண்டிச்செல்வி வில்பட்டிக்காரி. நாலு வருசத்துக்கு முன்னால் அவள் புருசன் திருமலைச்சாமி, விலை விழுந்த முட்டைக்கோசுக்கு நடுவில் உட்கார்ந்து, கோசுக்கு அடிக்கிற மருந்தைத் தானே குடித்துவிட்டான். அதிலிருந்து ஊரில் அவள் வீட்டுக்கு 'மருந்து வீடு' என்று பேர். மகள் ஸ்வேதாவைப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு வருசம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதது. பாண்டிச்செல்வி பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, கூப்பிட்டவன் ஒவ்வொருவனையும் அவனவன் ஆத்தா முன்னால் நிறுத்திக் கேட்டாள். பேர் செத்தது. மகள் இப்போது பத்தாவது. இதெல்லாம் ரிசார்ட்டில் எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் ஆனந்துக்கும் தெரியும்.

இது நடந்தது கார்த்திகையில். மூன்று நாளாக விடாத மழை. மலைப்பாதையில் பாறை சரிந்து, கீழேயிருந்து லாரி எதுவும் வரவில்லை. அன்றைக்கென்று பார்த்து, தங்கியிருந்த ஒரு பெரிய குடும்பம் மதியத்துக்குக் கிராமத்து விருந்து வேண்டும் என்று சொல்லியிருந்தது. இருபத்துநாலு பேர். கூட்டு, பொரியல், சாம்பார், வடை, சர்க்கரைப் பொங்கல் என்று அடுப்பில் எல்லாம் ஏறியாயிற்று. வாழையிலை மட்டும் இல்லை. அது கீழேயிருந்துதான் வர வேண்டும்.

ஒன்பது மணி வாக்கில் ஆனந்த் வரவேற்பறையில் நின்று அங்குமிங்கும் பார்த்தான். முப்பது வயது இருக்கும். போன் இல்லாத கையை யாரும் பார்த்ததில்லை. அவன் கண் புள்ளிச்சேம்பின் மேல் போய் நின்றது.

"கஸ்பாரு, இந்த இலை எவ்வளவு பெருசா இருக்கு! இதையே வெட்டிப் போட்டுரலாமே."

கேலி பேசுகிறான் என்று நினைத்துக் கஸ்பார் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"சார், இது அரிக்கிற சாதி. போன வருசம் தண்டு வெட்டுனதுக்கே என் கை ரெண்டும் தடிச்சுப்போய் ஒரு வாரம் கெடந்தேன்."

"இலையத் தின்னச் சொன்னேனா? மேல சோறுதான வைக்கப் போறோம். இது காத்தைச் சுத்தம் பண்ற செடிய்யா. நெட்ல போட்டிருக்கான். கழுவிட்டாப் போதும். போட்டோல சூப்பரா இருக்கும்."

"வேணாம் சார். பீங்கான் தட்டுலயே போட்டுருவோம்."

"கிராமத்து விருந்தைப் பீங்கான் தட்டுல போட்டா ஓனருக்கு யார் பதில் சொல்றது, நீயா? உன் வேலை வெட்டுறது. வெட்டு."

கஸ்பாருக்குக் காது மடல் சுட்டது. அந்தச் சூட்டோடு கத்தியைப் போட்டுவிட்டு நடந்திருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது. அவர் நடக்கவில்லை. பதினொரு வருசம் அந்தத் தோட்டத்தில் குனிந்த முதுகு. வெட்டு என்றால் அது தானாகவே குனிந்துகொள்கிறது.

கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து இலை வெட்டினார். விருந்தாளிகளுக்கு இருபத்துநாலு, மாதிரி இலைக்கு ஒன்று. ஆறு தொட்டியும் மொட்டையடித்த தலைகளாக நின்றன. நடு நரம்பு விரல் தடிமன் இருந்ததால் இலை மேசையில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. சாம்பார் ஓடிவிடும், சீவு என்றான் ஆனந்த். கஸ்பார் இலையைப் புரட்டிப் போட்டு, வாழையிலைக்குச் சீவுகிற மாதிரியே நரம்பைச் சீவித் தள்ளினார். சீவின இடத்தில் இலை தாள் மாதிரி மெலிந்தது. சாறு வழிந்து இரண்டு பக்கமும் அப்பிக்கொண்டது.

அவருக்கு மனசு கேட்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சேம்பிலைக்கு ஊரில் என்ன செய்கிறார்கள்? புளி போடுகிறார்கள். புளி பட்டால் அரிப்பு சாகும். அவருடைய ஆத்தா, அவளுடைய ஆத்தா, எல்லாரும் சொன்னது. கொதிக்கிற குழம்பில் போட்டு வேகவைக்கிற புளி, பச்சை இலையை என்ன செய்துவிடும் என்று அவர் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. நினைக்க விருப்பமில்லை என்றும் சொல்லலாம். வெட்டியாயிற்று, இனி ஏதாவது ஒரு வழி இருந்தாக வேண்டும்.

இலைக்கட்டைச் சமையலறையில் இறக்கினார்.

"தாயி, புளியக் கெட்டியாக் கரைச்சு அதுல கழுவு. கையில பையக் கட்டிக்க."

"சேம்புக்குப் புளி. இத எனக்கு நீங்க சொல்லித்தர்றீகளாக்கும்?" என்றாள் பாண்டிச்செல்வி. ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஹீட்டர்ல வளந்த மகாராணிக்கு இன்னிக்குக் கல்யாணமா? ஏண்ணே, இதுல சோறு போட்டா ஒண்ணும் செய்யாதே?"

"ஒண்ணும் செய்யாது. புளி பட்டாச் செத்துரும். நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. அந்தச் சொல் அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

அந்தச் சமையலறையில் ஒரு பழக்கம் உண்டு. விருந்து போவதற்கு முன்னால், ஒரு இலையில் எல்லாவற்றையும் முறையாகப் பரிமாறி வைப்பார்கள். அது மாதிரி இலை. ஆனந்த் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுப்பான். எடுத்த பிறகு அந்த இலை பாண்டிச்செல்விக்கு. வெள்ளனே ஆறரை பஸ்சுக்கு வெறும் வயிற்றோடு வருகிறவளுக்கு அதுதான் அன்றைய முதல் சாப்பாடு. நின்றுகொண்டே, அடுப்புக்குப் பக்கத்தில், வெரசாத் தின்று முடித்துவிட்டுப் பாத்திரத்துக்குப் போக வேண்டும்.

அன்றைக்கும் சமையல்காரர் பாலமுருகன் பரிமாறினார், ஆனந்த் போட்டோ எடுத்தான், பாண்டிச்செல்வி தின்றாள். சோறும் கூட்டும் மேலாக்க அள்ளித் தின்றவரை ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் சர்க்கரைப் பொங்கல். இலையில் ஒட்டிய பொங்கலை எங்கள் பக்கத்தில் யாரும் விட்டுவைப்பதில்லை. இலையோடு கிள்ளி வாயில் போட்டு, வெல்லத்தை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புவோம். சின்னப் பிள்ளையிலிருந்தே வருகிற கைப்பழக்கம் அது, யோசித்துச் செய்கிறதில்லை. சீவி மெலிந்திருந்த இடம் சுலபமாகக் கிழிந்து வந்தது. அவள் கிள்ளி வாயில் போட்டு ஒரு கடி கடித்தாள்.

கஸ்பார் கதவருகில் தொரட்டியைச் சாத்திக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு தட்டு விழுகிற சத்தம்.

"அண்ணே... நாக்குல முள்ளு..."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. துப்பினாள். தண்ணீர்க் குழாயில் வாயை வைத்தாள். திரும்பியபோது உதடு தடித்துத் தொங்கியது. நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. எச்சில் வழிந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு கஸ்பாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வலி மட்டும் இல்லை. ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீகளே என்று அது கேட்டது.

பாலமுருகன் பால் பாக்கெட்டைக் கிழித்து நீட்டினார். கஸ்பார் அவளைத் தோளில் தாங்கினார். தாங்கிக்கொண்டே, மேடையில் கிடந்த மாதிரி இலையை அப்படியே சுருட்டி, பிரட் கவருக்குள் போட்டு, ஸ்வெட்டருக்குள் சொருகினார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அப்போது அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. மலையில் பாம்பு கடித்தால் கடித்ததை அடித்துச் சாக்கில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார்கள். டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே. கை அந்த வழக்கத்தில் செய்தது.

ஜீப்பை ஆனந்தே ஓட்டினான். கஸ்பார் பின்சீட்டில் அவள் தலையை மடியில் தாங்கி, பஞ்சைப் பாலில் நனைத்து நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். ஆனந்த் ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் போன்.

"பாலமுருகன், அந்த இலை எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடுங்க. பீங்கான் தட்டுல பரிமாறுங்க. கெஸ்ட் கேட்டா மழைன்னு சொல்லுங்க. இலைங்கிற பேச்சே வரக்கூடாது. புரியுதா?"

பீங்கான் தட்டு. காலையில் நான் சொன்னது அதுதானடா என்று கஸ்பாருக்கு வாய் வரை வந்தது. பல்லைக் கடித்தார். முதலில் இவள் பிழைக்கட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள், ஐஸ் கொடுத்தார்கள், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் அனிட்டா சின்ன வயசுக்காரர், நிதானமான குரல். "தொண்டை அடைக்கல, பயப்பட வேண்டாம். வீக்கம் வடிய ஒண்ணு ரெண்டு நாளாகும், அதுவரைக்கும் பேச முடியாது" என்றார். கஸ்பாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. டாக்டர் நோட்டைத் திறந்து, "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் ஆனந்த் முன்னால் வந்துவிட்டான். கைகளைக் கட்டிக்கொண்டு, குரலைத் தணித்து, சாவு வீட்டில் பேசுகிறவனைப் போலப் பேசினான்.

"எங்க கிச்சன் ஸ்டாஃப் மேடம். காலையிலேர்ந்தே டல்லா இருந்தாங்க. லாபில ஒரு அலங்காரச் செடி இருக்கு, திடீர்னு அதைப் பிச்சு வாயில போட்டுட்டாங்க. வீட்டுல ஏதோ பிராப்ளம் போல. சொல்லக் கஷ்டமா இருக்கு... இவங்க ஹஸ்பெண்டும் நாலு வருஷம் முன்னாடி மருந்து குடிச்சுத்தான்..."

கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டாள். காது அடைக்கவில்லையே, நாக்குத்தானே அடைத்திருந்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழியில் விழுந்த மாடு போடுகிற சத்தம். எழுந்து உட்கார்ந்தாள், கையை வீசினாள். பக்கத்திலிருந்த ஸ்டீல் தட்டு பறந்து ஆனந்தின் ஷூவில் விழுந்தது.

"பாருங்க மேடம்," என்றான் ஆனந்த். "எவ்வளவு டிஸ்டர்ப் ஆகியிருக்காங்கன்னு."

அவள் கோபத்தையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டான்.

டாக்டர் அவளைப் படுக்கவைத்துவிட்டு, "தானா சாப்பிட்டதுன்னா போலீசுக்குத் தகவல் குடுக்கணும். வீட்டுக்கும் சொல்லணும்" என்றார். "ஆபீஸ்ல ஸ்டேஷன் நம்பர் கேட்டுட்டு வர்றேன், இருங்க."

அந்த இடைவெளியில் ஆனந்த் கஸ்பாரை வராண்டாவுக்கு இழுத்துப் போனான். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"வாயத் திறக்காத. நல்லா யோசிச்சுக்கோ. இலைய வெட்டுனது யாரு? நீ. நரம்பு சீவுனது? நீ. புளியில கழுவுனா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது யாரு? பாலமுருகன் என்கிட்ட சொல்லிட்டாரு. ஹோட்டல் சாப்பாடுன்னு எழுதுனா கேஸ் உன் தலையிலதான் விடியும். இப்படி எழுதுனா அவங்களுக்குக் கவுன்சிலிங் குடுத்து அனுப்பிருவாங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

"யாருக்கும் நஷ்டம் இல்லையா?" என்றார் கஸ்பார். "அவ மக நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேணாமா?"

"அது அவங்க குடும்ப விஷயம்."

கஸ்பாருக்கு அவன் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. அவனைவிட அதிகமாகத் தன்மேல்தான் அந்த நேரத்தில் அவருக்கு ஆத்திரம். ஏனென்றால் அவன் சொன்னதில் பாதி உண்மை. வெட்டியது அவர். சீவியது அவர். 'நான் இருக்கேன்ல' என்றதும் அவர். இப்போது ஒரு சொல் பேசாமல் பஸ் ஏறிவிட்டால் வேலை நிலைக்கும், கேஸ் இல்லை, வீட்டில் அடுப்பு எரியும். வில்பட்டியில் மட்டும் 'மருந்து வீடு' மறுபடியும் உயிரோடு எழுந்து உட்காரும். இந்த முறை தாயோடு சேர்த்து.

ஸ்வெட்டருக்குள் பிரட் கவர் நெஞ்சில் ஈரமாக ஒட்டியது.

அவர் ஆனந்தைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் நோட்டோடு திரும்பி வந்திருந்தார். கஸ்பார் கவரை அவர் மேசையில் வைத்துப் பிரித்தார்.

"டாக்டரம்மா, பாம்பு கடிச்சாப் பாம்பையும் கொண்டாருவோம். இது கடிச்சது. பாருங்க."

புள்ளி போட்ட இலை விரிந்தது. அதில் கூட்டு இருந்தது. கடித்துவைத்த பாதி வடை இருந்தது. பொங்கல் அப்பிய இடத்தில் ஒரு முந்திரி. அதற்குப் பக்கத்தில் விரலகலத்துக்குக் கிழிசல். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு இலையைத் திருப்பினார். பின்னால் நரம்பு ஒரே சீராகச் சீவியிருந்தது.

"சாகப்போறவ," என்றார் கஸ்பார், குரல் உடைந்து பெரிதாக வந்தது, "இலைய வெட்டி, நரம்பு சீவி, கூட்டு வெச்சு, வடை வெச்சு, பொங்கல் வெச்சா தின்பா? இது விருந்துக்குப் போட்ட இலைம்மா. போட்டோ கூட இருக்கு. அவர் போன்லதான் இருக்கு, காட்டச் சொல்லுங்க."

டாக்டர் ஆனந்தைப் பார்த்தார். முதல்தடவையாக அவன் போனைப் பாக்கெட்டுக்குள் போட்டான்.

"இவர் தோட்டக்காரர் மேடம், படிக்காதவர். ஏதோ உணர்ச்சிவசப்பட்டு..."

"எழுதித் தர முடியுமா?" என்று டாக்டர் கஸ்பாரிடம்தான் கேட்டார்.

"நானே எழுதுறேன்."

அவருக்கு எழுத்து வேகமாக வராது. ஒவ்வொரு எழுத்தையும் நாற்று நடுகிற மாதிரி ஊன்றி ஊன்றி வைத்தார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தியது. ஆனந்தின் போன் பாக்கெட்டுக்குள் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவன் வெளியே போய்விட்டான். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. கஸ்பார் தலை தூக்கவில்லை. முடித்ததும் கட்டில் பக்கத்தில் போய் நின்று, அவளுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"நான் கஸ்பார். ரிசார்ட்டில் தோட்ட வேலை. வாழையிலை வராததால் புள்ளிச்சேம்பு இலையில் சாப்பாடு போட மேனேஜர் ஆனந்த் சொன்னார். அரிக்கும், வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. வெட்டச் சொன்னார். வெட்டினேன். பாண்டிச்செல்வி அந்த மாதிரி இலையில் சாப்பிட்டாள். சாகச் சாப்பிடவில்லை. பசிக்குச் சாப்பிட்டாள்."

வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு தலையாட்டல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார் என்றால் பொய்யில்லை. அவள் தலையாட்டவில்லை. அவர் கையை எட்டிப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. இன்னொரு கையைத் தூக்கி, அவர் முகத்துக்கு நேராக மூடினாள். மூடிப் பிசைந்தாள். திறந்தாள். மறுபடி மூடிப் பிசைந்தாள்.

புளி கரைக்கிற கை.

தெரியாத மாதிரி நிற்க ஒரு நொடி அவருக்கு ஆசையாக இருந்தது. அவள் கண் விடவில்லை. கஸ்பார் தாளைக் கட்டில் விளிம்பில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் எழுதினார். அவசரத்தில் எழுத்து சின்னதாகப் போய்விடக்கூடாது என்று மற்ற வரிகளைவிடப் பெரிதாகவே எழுதினார். எழுதினதை வாசித்தார்.

"புளியில் கழுவினால் ஒன்றும் செய்யாது என்று அவளிடம் சொன்னது நான். அவள் என்னை நம்பினாள்."

அப்போதுதான் அவள் பிடியை விட்டாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். அவளுக்குத் தன் பேர் மட்டும்தான் எழுத வரும். கஸ்பாரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அதை முழுசாக, ஒரு புள்ளி குறையாமல் எழுதினாள். எழுதிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் நோட்டில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அதன் மேல் வேறு எழுதினார். கஸ்பார் எதிரில் நின்றபடியே, தலைகீழாகத் தெரிந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். 'வேலை இடத்தில்' என்பது வரை தெரிந்தது.

மணி இரண்டரை. ஸ்வேதாவுக்குப் பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. ஊர்ப்பேச்சு போய்ச் சேருவதற்கு முன்னால் போய் நின்றாக வேண்டும். ஜீப் இல்லை, குடையும் இல்லை. கஸ்பார் கழுத்துத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். கையில் சாறு பட்ட இடமெல்லாம் தடிப்பு எழும்பத் தொடங்கியிருந்தது. அவர் சொறியவில்லை.